ஒரு மாடி இறங்காதவர்

அவருக்குச் 'சரி டாக்டர்' என்று பெயர் வைத்தது யார் என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்திய அளவுக்கு அவர் போடும் சட்டைகூடப் பொருந்தியதில்லை. முதல் மாடியில், மருந்து நெடி அடிக்கும் லேபின் கோடியில், மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஒரு கண்ணாடிச் சில்லைப் பார்த்து முடித்ததும் "சரி" என்று சொல்லி எடுத்து வைப்பார். அந்தச் சொல்லோடு யாரோ ஒருவருடைய ஆயுசு கெட்டியா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

நோயாளிகளின் முகம் அவருக்குத் தெரியாது, குரல் தெரியாது. உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குதான் தெரியும். அது மெழுகில் உறைந்து, மயிரிழையைவிட மெல்லிசாக வெட்டுப்பட்டு, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏறி அவர் முன்னால் வரும். புற்றா, இல்லையா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பது வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார், நன்றாகவே செய்தார். அதை யாரும் மறுக்க முடியாது. அவருடைய மனைவி மட்டும் கொஞ்சம் மறுத்தார். "வெளியில எல்லாருக்கும் சரி, வீட்டுல குழாய் ஒழுகுறதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்றாரு. ஒரு தடவையாச்சும் 'நான் தப்பு'ன்னு சொல்லிப் பாருங்களேன், வாய் கோணிப் போயிடாது" என்பார். வாய் கோணிப் போகுமோ என்னவோ, அவர் சொல்லிப் பார்த்ததே இல்லை.

அவரிடம் ஒரு வைராக்கியம் இருந்தது. கீழ்த்தளத்தில் ஸ்கேன் பிரிவு. அங்கேதான் மார்பைப் படம் பிடிப்பார்கள், சந்தேகமான இடத்தில் ஊசி வைத்துச் சதை எடுப்பார்கள், பாட்டிலில் போட்டு மேலே அனுப்புவார்கள். பாட்டிலோடு ஒரு சீட்டும் வரும், படத்தில் என்ன தெரிந்தது, எந்த இடத்தில் ஊசி வைத்தோம் என்று. சரி டாக்டர் அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கண்ணாடியைப் பார்ப்பார். பார்த்து எழுதிய பிறகும் அதைத் திருப்ப மாட்டார். படத்தைப் பார்ப்பதா, பேச்சே கிடையாது. 'நம்ம டாக்டர் தியேட்டர்லயும் படம் பார்க்கமாட்டாரு, ஆஸ்பத்திரியிலயும் படம் பார்க்கமாட்டாரு' என்று நர்ஸுகள் கேலி பேசுவார்கள்.

"கண்ணாடி பொய் சொல்லாது. பக்கத்துல நின்னு காதுல ஓதுறவன்தான் நம்மளைப் பொய் சொல்ல வைப்பான்" என்பது அவருடைய வேதம்.

இது வெறும் திமிர் என்று தள்ளிவிட முடியாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரிய சர்ஜன், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இதப் பாருங்க, இதைவிட என்ன வேணும்? புத்துதான். எழுதிக் குடுங்க." கண்ணாடியில் செல்கள் குழம்பிக் கிடந்தன. படத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் குழப்பமும் புற்றாகவே தெரிந்தது. எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் மார்பை எடுத்தார்கள். எடுத்த சதை முழுவதும் அவரிடம்தான் வந்தது. அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒன்றும் இல்லை, எப்போதோ பட்ட அடியின் வடுதான். சில வாரம் கழித்து வராந்தாவில் அந்தப் பெண் அவரை மறித்து, "என் உயிரைக் காப்பாத்தினீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வாயில் ஈ புகுந்ததுபோல நின்றார். அன்றைக்குப் போட்ட பூட்டுதான் இது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை மிதிக்காது என்பார்களே, அந்தக் கதை.

பூனைக்கு அது நல்லதுதான். ஆனால் டாக்டருக்கு ஆகுமா?

லேபில் அவருக்கு வலதுகை 'கத்தி அக்கா'. மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் பூட்டி, சக்கரத்தைச் சுற்றி, சதையை இழை இழையாக வெட்டுவது அவர் வேலை. வெட்டிய இழை நாடா மாதிரி வரும். அதை மெல்லிய தூரிகையால் தூக்கி வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியால் அள்ளி எடுப்பார். மூச்சு பலமாக விட்டாலே கிழிந்துபோகும் இழை அது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள். கத்தி அக்கா ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார். கையில் ஒரு கத்தி, வாயில் ஒரு கத்தி என்று அதற்காகவே அந்தப் பெயர். கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அந்த மகளைப் பற்றித்தான் பாதிப் பேச்சு.

சரி டாக்டரைக் கிண்டல் செய்யும் தைரியம் அந்தக் கட்டடத்தில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. "சீட்டைப் பார்த்தா கவுத்து வைக்கிறீங்க. வீட்டுல வீட்டுக்காரம்மா சோறு போடும்போதாவது தட்டை நிமித்தி வைப்பீங்களா சார்?" என்பார். டாக்டர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, "வேலையைப் பாரும்மா" என்பார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அக்கா ஒருநாள் லீவு போட்டால் டாக்டருக்கு எல்லாக் கண்ணாடியும் மோசமாகத் தெரியும். "இது என்ன, சப்பாத்தி தேய்ச்ச மாதிரி?" என்று எரிந்து விழுவார்.

ஆஸ்பத்திரி ஊழியர்களில் நாற்பது தாண்டிய பெண்களுக்கெல்லாம் மார்புப் படம் எடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. கத்தி அக்காவும் போனார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, வலி இல்லை. ஆனால் படத்தில், இடது மார்பின் ஆழத்தில், வெள்ளையாக ஒரு முடிச்சு இருந்தது. நெருஞ்சிக்காய் மாதிரி நாலா பக்கமும் முள் நீட்டிக்கொண்டு இருந்தது. ஊசி வைத்துச் சதை எடுக்க வேண்டும் என்றார்கள். வழக்கமாக ஊசி வைக்கும் ஸ்கேன் டாக்டரம்மா அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று லீவில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஊசி வைத்தார். ஊசி நன்றாக வலித்தது என்பதைத் தவிர அக்காவுக்கு வேறொன்றும் தெரியாது.

பாட்டில் மேலே வந்தது. யாருடையது என்று லேபில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கத்தி அக்காவே பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

சதைத் துண்டுகள் மருந்தில் மிதந்துகொண்டிருந்தன.

லேபில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு கைக்கணக்கு. கொழுப்பு மிதக்கும். கெட்டிச் சதை அடியில் போய் உட்காரும். உட்கார்ந்ததெல்லாம் புற்று என்று அர்த்தமில்லை. ஆனால் வெறுமனே மிதந்த துண்டில் புற்று இருந்து அவர்கள் பார்த்ததில்லை. "மிதக்குது சார்! கொழுப்புதான் சார்!" என்று அக்கா கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. "உங்க கொழுப்பு எங்களுக்குத் தெரிஞ்சதுதானே அக்கா" என்று ஒருத்தி சொல்ல, லேபே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் தன் சதையைத் தானே வெட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. அழகான இழை, ஒரு மடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. டாக்டர் வழக்கம்போலச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மூலை விடாமல் பார்த்தார். கொழுப்பு, கொஞ்சம் நார், வேறொன்றும் இல்லை. திருப்பியும் முதலிலிருந்து பார்த்தார். அக்கா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் நிமிர்ந்து, "சரி" என்றார். அந்த ஒரு தடவை அவர் மீசைக்கு வெளியேயும் சிரித்தார்.

இதில் டாக்டர் எங்கே தப்பு செய்தார் என்று கேட்டால், கண்ணாடியில் இல்லை. அவர் எழுதியது அட்சரம் பிசகாத உண்மை. இந்தக் கதையில் வயிறு எரிய வைப்பதே அதுதான்.

லீவு முடிந்து வந்த ஸ்கேன் டாக்டரம்மா ஒரு பக்கம் படத்தையும் இன்னொரு பக்கம் லேபிலிருந்து வந்த முடிவையும் வைத்துப் பார்த்தார். வயசு சின்னதுதான், ஆனால் விடாக்கண்டி. யாரும் ஏறாத அந்த மாடியை ஏறி வந்தார். கீழ்த்தளத்துக்காரர்கள் மேலே வருவதும் மேல்மாடிக்காரர்கள் கீழே போவதும் அங்கே வழக்கமில்லை. எல்லாம் சீட்டிலும் போனிலும்தான். அவர் கையில் படம் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன். இதுவும் உங்க ரிசல்ட்டும் பொருந்தவே இல்ல."

"பொருந்தலைன்னா படத்தைச் சரியா எடுக்கலைன்னு அர்த்தம்."

"இல்ல சார். இவ்வளவு வெள்ளையா, முள்ளோட இருக்கிறது கொழுப்பா இருக்கவே முடியாது. நீங்க பார்த்தது தப்புன்னு நான் சொல்லல. ஊசி இதுல படாம பக்கத்துல போயிருக்குமோன்னுதான் பயமா இருக்கு. இன்னொரு தடவை எடுத்துரலாம்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் அவங்க கேப்பாங்க."

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படம் அவருடைய தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். முன்னொரு காலத்தில் அதே இடத்தில் வந்து நின்ற சர்ஜனின் மூச்சு அவர் காதில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, முப்பது வருஷமா நான் படத்தைப் பார்த்துக் கண்ணாடி படிச்சதில்ல. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா நீங்க ஊசி வைங்க. நான் ஏன் சொல்லணும்? என் கண்ணுல இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"இருக்குன்னு சொல்லச் சொல்லல சார்..."

"சரி" என்றார். வேறு வேலை இருக்கிறது, போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

டாக்டரம்மா கீழே போய் அக்காவுக்கே போன் போட்டார், இன்னொரு ஊசி அவசியம் வேண்டும் என்று. அக்காவுக்குக் குழப்பம். முதல் ஊசியின் வலி இன்னும் மறக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் ஒருவழியாக நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். திரும்பவும் குட்டையைக் குழப்ப யாருக்கு மனசு வரும்? அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் வந்தார். எப்போதும் வரும் கிண்டல் அன்றைக்கு வரவில்லை.

"சார், கீழ டாக்டரம்மா மறுபடி ஊசி வைக்கணும்னு சொல்றாங்க. வச்சுக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

ஓர் உயிர் ஒரு மனிதரின் நாக்கு நுனியில் வந்து உட்காரும் நேரம் உண்டு. உட்கார்ந்திருப்பது அந்த மனிதருக்குத்தான் தெரியாது. டாக்டருக்குக் காலையில் நடந்த பேச்சின் சூடு இன்னும் தணியவில்லை. அக்கா கேட்டது ஊசியைப் பற்றி. அவர் காதில் விழுந்ததோ, 'உங்கள் கண்ணை நம்பலாமா' என்று.

"கண்ணாடியில இல்லாதது உடம்புல எங்கிருந்தும்மா வரும்? நீயே வெட்டின இழை, நானே பார்த்தது. போய் நிம்மதியா இரு."

அக்காவின் முகம் மலர்ந்தது. அப்படி மலர்வதற்குத்தான் அவர் வந்திருந்தார். டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டபோது, "எங்க சாரே பார்த்துட்டாரும்மா, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். டாக்டரம்மாவுக்கும் தலைக்கு மேல் வேலை. குதிரையைத் தண்ணீர்வரை இழுத்துப் போகலாம், குடிக்க வைக்க முடியுமா என்று அவரும் விட்டுவிட்டார். விட்டதை நினைத்து அவர் பின்னால் அழுத அழுகை தனிக் கதை.

மகள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள், வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. அக்கா லேபில் எல்லாருக்கும் மறுபடியும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க இடது தோள் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றிச் சுற்றி வந்த வலி என்று எல்லாரும் நினைத்தார்கள். வலது கையால்தானே சக்கரம் சுற்றுகிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் மேல் தட்டிலிருந்து மெழுகுப் பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அக்குளில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று உருண்டது.

இந்தத் தடவை டாக்டரம்மா தானே ஊசி வைத்தார். மார்பில் ஒன்று, அக்குளில் ஒன்று. இரண்டு பாட்டில் மேலே வந்தது. லேபில் இருந்தவர்கள் அதை அக்கா கண்ணில் படாமல் ஒளித்து வைக்கப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அவர் நேராக வந்து எடுத்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

துண்டுகள் அடியில் உட்கார்ந்திருந்தன. அக்கா பாட்டிலை லேசாக ஆட்டினார். அவை எழும்பி, திரும்பவும் அடியில் போய் உட்கார்ந்தன.

அத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கத்தி அக்கா பேசாமல் இருந்தார். பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினார். டாக்டர் எல்லாவற்றையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அவருக்கு இனி எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மறுநாள் பார்த்தார். பார்த்து எழுதினார். 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் பழைய கண்ணாடியைத் தேடி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். ஒரே ஒரு மாடிதான். இடையில் ஒரு திருப்பம், ஒரு ஜன்னல், ஜன்னலோரம் யாரோ மறந்துபோன குடை. இறங்கி முடிக்கக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்கேன் பிரிவின் இருட்டு அறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் காவலாளியைக் கேட்டுப் போனார்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். குத்திக்காட்டவில்லை. பழைய படத்தைத் திரையில் போட்டார். பக்கத்து மேஜையில் இருந்த மைக்ரோஸ்கோப்பில் டாக்டர் பழைய கண்ணாடியை வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் முள் முளைத்த வெள்ளை முடிச்சு, பாறை மாதிரி. கண்ணாடியில் கொழுப்பு, தண்ணீரில் கரைந்துபோகிற நுரை மாதிரி. இந்த நுரை அந்தப் பாறையிலிருந்து வந்ததே இல்லை என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், இரண்டையும் சேர்த்துக் காட்டினால்.

"நீங்க எழுதினது சரிதான் சார்" என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "ஊசிதான் தப்பிப் போச்சு. அந்தத் துண்டுல நிஜமாவே ஒண்ணும் இல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

"அது மிதந்துச்சும்மா" என்றார் டாக்டர். "அன்னைக்கு பாட்டில்ல மிதந்துச்சு. நாங்கல்லாம் சந்தோஷப்பட்டோம்."

டாக்டரம்மாவின் கை தானாக வாயைப் பொத்தியது. முடிச்சில் ஊசி பட்டிருந்தால் துண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். மிதந்தது என்ற ஒரு சொல் அன்றைக்கே கீழே வந்திருந்தால், ஊசி வைத்தவர் அப்போதே அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு ஊசி வைத்திருப்பார். மேலே டீ வாங்கிக் கொடுக்க வைத்த சேதி, கீழே அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டிய சேதி. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த மாடிப்படி ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். மருந்து ஏற்றினார்கள், மார்பை எடுத்தார்கள், கதிர் வைத்தார்கள். முடி கொட்டியது, நகம் கறுத்தது. நோய் எலும்புக்குப் போனது. பார்சல் வண்டி ஓட்டுகிற கணவர் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். மகள் கல்லூரியிலிருந்து வந்தவள் திரும்பிப் போக மாட்டேன் என்றாள். டாக்டர் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தடவை புறப்பட்டு, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். அவருடைய மனைவி மட்டும் உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மனுஷி குத்திப் பேசாமல் இருந்ததுதான் டாக்டருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கடைசியாக ஒரு நாள் அக்காவே லேபுக்கு வந்தார். கணவர் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு வெளியே நின்றார். தலையில் துணி கட்டியிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"சார், என் பழைய கண்ணாடி இருக்கா? நான் ஒரு தடவை பார்க்கணும்."

அது அவருடைய சட்டைப் பையிலேயேதான் இருந்தது. அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நாற்காலியைக் கிட்டத்தில் தள்ளி, உயரத்தை இறக்கிக் கொடுத்தார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா வெட்டியிருக்கேன்ல சார்?"

"ஆமாம்மா."

"ஒரு மடிப்புகூட இல்ல."

"இல்லம்மா."

"நீங்களும் சரியாத்தானே பார்த்தீங்க?"

"சரியாத்தான் பார்த்தேன்."

அக்கா நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் சார் நான் சாகிறேன்?"

கோபம் இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் டாக்டர் பிழைத்திருப்பார். டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா. அந்தம்மா படத்தை எடுத்துட்டு வந்து என் தோள்கிட்ட நின்னாங்க. நான் திரும்பிப் பார்க்கல. நீ வந்து கேட்ட. அப்பவும் நான் கீழ இறங்கல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தார் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"ஒரு மாடி சார்" என்றார். "இறங்கியிருக்கலாம்ல?"

வாசல் பக்கம் திரும்பி, "வாங்க, போகலாம்" என்று கணவரைக் கூப்பிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். டாக்டர் சுடுகாடுவரை போனார். மகள் அவரைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் செய்தது நியாயம்.

ஆஸ்பத்திரி அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எழுதியதெல்லாம் சரி. இப்போது அவர் சீட்டைக் கவிழ்த்து வைப்பதில்லை. முதலில் கண்ணாடியைத் தனியாகப் பார்ப்பார். பிறகு சீட்டைப் படிப்பார். பிறகு படத்தைப் பார்க்கக் கீழே இறங்குவார். முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, "லிஃப்ட்ல போகலாமே சார்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கமாட்டார். இருட்டு அறையில் அவரும் டாக்டரம்மாவும் திரைக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் நடுவில் சண்டை போடுவார்கள். பொருந்தவில்லை என்றால் மறு ஊசி. இதனால் சிலர் பிழைத்தார்கள். அது கத்தி அக்காவுக்கு ஈடாகும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து போய்விடுவார். 'சரி' என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

ஒருநாள் காலை, கீழேயிருந்து ஒரு பாட்டில் வந்தது. அக்காவின் இயந்திரத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"மிதக்குது சார்!"

டாக்டர் போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, இப்ப அனுப்பின பாட்டில்ல துண்டு மிதக்குது. படத்துல என்ன தெரியுது?"

"வெள்ளையா இருக்கு சார். முள்ளோட."

"அந்தப் பொண்ணு போயிடுச்சா?"

"இப்பத்தான் எழுந்தாங்க. சட்டை மாத்திக்கிட்டு இருக்காங்க."

"போக விடாதீங்க. கதவைச் சாத்தி வைங்க. நான் வர்றேன்."

போனை அதன் இடத்தில்கூட வைக்காமல் எழுந்தார். மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது. கால் வலியை மறந்து, கம்பியைப் பிடிக்காமல், ஓடி இறங்கினார்.